எந்த யீசுன்?

பாவ்தோ
12 மார்ச் 1983

யூனுக்கு,

என் எழுத்தைப் பார்த்ததும் என் முகத்தையே பார்த்ததா நினைச்சுக்கோ. முகம் பூரா மண்ணு, அதையும் சேர்த்து நினைச்சுக்கோ. மூணு நாளா இங்க புழுதிக் காத்து. சோத்துல மண்ணு, படுக்கையில மண்ணு, இந்தக் காகிதத்துலயும் மண்ணு. நீயும் குழந்தையும் சௌக்கியமா? உன் இடுப்பு வலி எப்படி இருக்கு? நான் கல்லு மாதிரி இருக்கேன்.

புத்தாண்டு லீவு முடிஞ்சு ரயில் ஏறினப்போ ஒண்ணு நடந்துச்சு. உன்கிட்ட சொல்லாம வந்துட்டேன். நீ தண்ணி பிடிக்கப் போனப்போ ஜன்னல் வழியா குழந்தை கையைப் பிடிச்சுக்கிட்டு இருந்தேன்ல, அவ என்னைப் பார்த்து, "மாமா, நீங்க மறுபடி எப்போ வருவீங்க?"ன்னு கேட்டா. பக்கத்து சீட்டுக் கிழவர் விழுந்து விழுந்து சிரிச்சாரு. நானும் சிரிச்சேன். ரயில் மஞ்சள் ஆத்தைத் தாண்டற வரைக்கும் சிரிச்சுக்கிட்டே இருந்தேன்னு வச்சுக்கோ.

எட்டு வயசுக் குழந்தை யூன். வருஷத்துக்கு ஒரு மாசம்னு கணக்குப் போட்டா அவ என்னை எட்டு மாசம்தான் பார்த்திருக்கா. தப்பு அவ மேல இல்ல. படிப்பு முடிஞ்சதும் சர்க்கார்ல உன்னை நான்சாங் பள்ளிக்கூடத்துக்கும் என்னைப் பாவ்தோ இரும்பாலைக்கும் அனுப்பினாங்களே, அவங்க ஒரு வரைபடத்தைக் கையில வச்சுக்கிட்டாவது அனுப்பியிருக்கலாம்.

வேலை மாத்திக்கற நோட்டீஸை மறுபடி எழுதிக் கம்பத்துல ஒட்டினேன். "இருப்பது பாவ்தோ. போக விரும்புவது நான்சாங். பதிலுக்கு இங்கே வர விருப்பமுள்ளவர் அணுகவும்." ஒன்பதாவது வருஷம் இது. கம்பத்துக்கே மனப்பாடம் ஆயிருக்கும். யாரும் அணுகலை.

சரி, நாம சேர்ந்து வாழ ஆசைப்படற இந்த மாச ஊர். நீ போன தடவை குய்லின்னு எழுதின. அது 1979லயே சொல்லியாச்சு, ஏமாத்தாதே! ஒருதரம் சொன்ன ஊரை மறுபடி சொல்லக்கூடாதுங்கறது நாம கல்யாணமான வருஷமே போட்ட சட்டம். என்னோட ஊர் சிங்தாவ். கடல் இருக்கு, பீர் இருக்கு, முக்கியமா மண்ணு இல்ல. சாயந்திரம் உன்னை நண்டு வாங்கித் தரச் சொல்லி நச்சரிப்பேன்.

உடம்பைப் பார்த்துக்கோ.
ருய்லின்


நான்சாங்
2 ஏப்ரல் 1983

கிழட்டுத் தாவ் ருய்லினுக்கு,

முப்பத்தாறு வயசுல கிழவனான்னு கேக்காதே. புலம்பறவன் எல்லாம் கிழவன்தான். உன் முகத்தை மண்ணோடவே பார்த்துக்கிட்டேன். கவரைப் பிரிச்சதும் மேஜை மேல ஒரு கரண்டி மண்ணு கொட்டிச்சு. பெருக்கி எடுத்துப் பூந்தொட்டியில போட்டேன், அதுல பச்சை மிளகாய் வளருது. இங்க எல்லாரும் சௌக்கியம். இடுப்பு வலி போயிடுச்சு.

நீ சொன்னதை சியாவ்மான்கிட்ட கேட்டேன். அவ என்ன சொன்னா தெரியுமா? அலமாரி மேல இருக்கற போட்டோதான் அப்பாவாம். ரயில்ல வர்றவரு வேற ஆளாம். "அப்பா வெள்ளையா இருப்பாரு, பேசவே மாட்டாரு. மாமா கறுப்பு, குறட்டை விடுவாரு"ங்கறா. எனக்கு சிரிப்பும் வந்துச்சு, கண்ணும் கலங்கிடுச்சு.

பாலத்துக்குப் பக்கத்துச் சுவர்ல நானும் நோட்டீஸ் ஒட்டிட்டு, கொஞ்ச நேரம் ஒளிஞ்சு நின்னு பார்த்தேன். ஒரு பொம்பளை வந்து படிச்சா. "பாவ்தோவா? அங்க மனுஷங்க இருக்காங்களா?"ன்னு புருஷனைக் கேட்டா. "ஒட்டகம் இருக்கும்"னான் அவன். ஓடிப்போய், "என் புருஷன் இருக்காரு!"ன்னு கத்தணும்போல இருந்துச்சு.

நான் ஒண்ணு யோசிச்சேன். நமக்குப் பிடிச்ச ஊரையே கேட்டுக்கிட்டிருந்தா சாகற வரைக்கும் கடிதம்தான் எழுதணும். நம்மை எந்த ஊருக்குப் பிடிக்குதோ அதை நாம பிடிச்சுக்கலாம். நான்சாங்கும் வேண்டாம், பாவ்தோவும் வேண்டாம். மூணாவதா எதுவானாலும் சரி. நீ பார்த்து முடிவு பண்ணு, நான் கேள்வி கேக்க மாட்டேன்.

என் ஊர் குன்மிங். குளிரும் இல்ல, வெயிலும் இல்லையாம். ஜன்னலைத் திற, மூடுன்னு சண்டை போடறதுக்கு ஒண்ணும் இருக்காது. பாவம், நீதான் கஷ்டப்படுவே.

வேளைக்குச் சாப்பிடு.
யூன்


பாவ்தோ
10 ஆகஸ்ட் 1983

என் யூனுக்கு,

நின்னுக்கிட்டே எழுதறேன், எழுத்து கோணலா இருந்தா மன்னிச்சுக்கோ. உடம்பு நல்லாத்தான் இருக்கு. சந்தோஷத்துல உட்கார முடியலை.

முந்தாநாள் உங்க பள்ளிக்கூடத்துக்கு ட்ரங்க் கால் போட்டு ரெண்டரை மணி நேரம் காத்திருந்தேன். லைன் கிடைச்சா, நீ கோடை லீவு வகுப்புல இருக்கேன்னு கேட் வாட்ச்மேன் லுவோ எடுத்தாரு. காதுல மழை பெய்யற சத்தம்தான் கேட்டுச்சு. "யீசுன் கிடைச்சிருக்கு! யீ-சுன்! அவளும் வரலாம்! சரின்னா உடனே தந்தி அடிக்கச் சொல்லுங்க!"ன்னு நாலு தரம் கத்தினேன். ஆபீஸே எழுந்து நின்னு பார்த்துச்சு. அவரும், "யீசுன், யீசுன், தெரியும் தெரியும்!"னு திருப்பிக் கத்தினாரு. தெரியும்னு சொன்னப்பறம்தான் எனக்கு உயிரே வந்துச்சு.

விஷயம் இதுதான். ஹாவ்னு ஒருத்தர், வடகிழக்குக் கோடியில காட்டுக்கு நடுவுல இருக்கற யீசுன்ல மரம் அறுக்கற மெஷினைப் பழுது பார்க்கறவரு. அவரோட அப்பா அம்மா பாவ்தோவுல இருக்காங்க. என் நோட்டீஸைப் பார்த்து நேரா வந்தாரு. நான்சாங் வேண்டாம், யீசுன் போதும்னு சொன்னேன். அந்தக் காட்டிலாகாவுல டீச்சருக்கு அலையறாங்களாம். புருஷன் வந்தா பொண்டாட்டியையும் எடுத்துக்கறோம்னு எழுதியே குடுத்துட்டாங்க. ரெண்டு ரூம்!

குளிரும், மறைக்க மாட்டேன். மூக்கு கையோட வந்துடும்ங்கறாரு ஹாவ். ஆனா விறகு சும்மாவே கிடைக்கும். ஊர் பேரைப் பாரு யூன். அந்த "யீ"ங்கற எழுத்துக்குப் பழைய புத்தகத்துல "அவள்"னு அர்த்தம் உண்டுல்ல? அவள் வசந்தம். எனக்காகவே பேர் வச்ச மாதிரி இருக்கு.

நேத்து சாயந்திரம் உன் தந்தி வந்துச்சு. "சரி." ஒரே ஒரு வார்த்தை. கஞ்சப் பிசினாறி! ஆனா ஒன்பது வருஷத்துல நீ எழுதினதுலயே இதுதான் எனக்குப் பிடிச்ச கடிதம். நாளைக்குக் கையெழுத்துப் போடறேன்.

இந்த மாசம் ஊர் எழுதப் போறதில்ல. இனிமே தேவையில்ல.

ருய்லின்


நான்சாங்
15 ஆகஸ்ட் 1983

என் ருய்லினுக்கு,

என் எழுத்து உனக்கு முன்னாடி ஓடி வருது, பிடிச்சுக்கோ. நான் நல்லா இருக்கேன். இவ்வளவு நல்லா எப்பவும் இருந்ததில்ல.

லுவோ மாமா சீட்டைக் கையில பிடிச்சுக்கிட்டு வகுப்புக்கே வந்துட்டாரு. "யீசுன் கிடைச்சது. நீயும் வா. சரின்னா தந்தி." நாப்பது பசங்க முன்னாடி அழுதுட்டேன். யீசுன்! இங்கேர்ந்து அரை நாள் ரயில். நம்ம மாநிலத்துலயே, நம்ம சோறு, நம்ம மிளகாய். நீ எப்படிய்யா பிடிச்ச அந்த ஊரை?

உனக்கு வான் டீச்சரைத் தெரியாது. யீசுன்ல இருக்கா. நான்சாங்குக்கு மாத்திக்க ஆள் கிடைக்காதான்னு ரெண்டு வருஷமா எல்லார் காலையும் பிடிச்சுக்கிட்டிருந்தா. செப்டம்பர் ஒண்ணாம் தேதி பள்ளிக்கூடம் திறக்கறதுக்குள்ள முடிக்கணும், இல்லன்னா ஒரு வருஷம் போயிடும்னாங்க. நான் யோசிக்கவே இல்ல. ஓடிப்போய் சனிக்கிழமையே கையெழுத்துப் போட்டுட்டேன்.

பள்ளிக்கூட வாசல்ல பெரிய கற்பூர மரம் இருக்காம். மலையடிவாரத்துல வெந்நீர் ஊத்து. ஊரே சாயந்திரத்துல காலை நனைச்சுக்கிட்டு உட்கார்ந்து வம்பு பேசுமாம். உன் காலுக்கு நல்லது, குளிர்காலத்துல வெடிச்சு ரத்தம் வருமே. யீசுன்னா வசந்தத்துக்குப் பொருத்தமான ஊர்னு எழுத்து. நமக்கும் பொருத்தம்தான். சியாவ்மான் தினமும் கேக்கறா, போட்டோ அப்பா வருவாரா, ரயில் மாமா வருவாரான்னு. ரெண்டு பேரும் சேர்ந்தே வருவாங்கன்னு சொல்லியிருக்கேன்.

சீக்கிரம் வா.
யூன்

16 ஆகஸ்ட்: இதைத் தபால்ல போடக் கிளம்பினேன். வாசல்ல லுவோ மாமா உன் கடிதத்தைக் குடுத்தாரு. அங்கேயே நின்னு படிச்சேன். அவள் வசந்தம். அவள் வசந்தம். சத்தம் ஒண்ணு, எழுத்து வேற, ஊரும் வேற. அந்த எழுத்தையே பார்த்துக்கிட்டு நின்னேன். லுவோ மாமா என்னாச்சுன்னு கேட்டு, அவரும் எழுத்தைப் பார்த்துட்டுத் தலையில அடிச்சுக்கிட்டாரு. "நான் இந்த மண்ணுல பொறந்தவன்மா, எனக்கு யீசுன்னா ஒரே யீசுன்தான்! இன்னொண்ணு இருக்கும்னு யார் கண்டா?" அவரை என்ன சொல்ல? எனக்கும் ஒண்ணுதானே தோணுச்சு. தந்தியில "யீசுன் சரி"ன்னு இன்னும் ஒரே ஒரு வார்த்தை சேர்த்திருந்தா, எழுத்தைப் பார்த்ததும் உனக்குத் தெரிஞ்சிருக்கும்.

நீயும் கையெழுத்துப் போட்டிருப்பே. நானும் போட்டாச்சு. முன்னாடி நமக்கு நடுவுல ரெண்டு நாள் ரயில் இருந்துச்சு. இப்போ நாலு நாள். இந்தக் கடிதத்தை நான் அனுப்பப் போறதில்ல.


நான்சாங்
30 ஆகஸ்ட் 1983

ருய்லினுக்கு,

நலமா? இங்க நலம்.

உன் கடிதம் கிடைச்சுது. ரொம்ப சந்தோஷம். நீ முதல்ல போய் வீட்டைப் பாரு. பள்ளிக்கூடத்துல என்னை உடனே விட மாட்டேங்கறாங்க, பதிலுக்கு டீச்சர் கிடைக்கணுமாம். குளிர் முடியட்டும், அப்பறம் பார்க்கலாம். கடிதம் எல்லாம் வழக்கம்போல பள்ளிக்கூடத்துக்கே, லுவோ மாமா பேருக்குப் போடு. பத்திரமா வந்து சேரும்.

கம்பளிச் சட்டை இல்லாம வெளிய போகாதே. காதை மூடிக்கோ. மூக்கையும்.

யூன்


யீசுன்
9 அக்டோபர் 1983

யூனுக்கு,

எழுத்துல பனி தெரியுதா பாரு. நேத்து முதல் பனி விழுந்துச்சு. நான் சௌக்கியம். நீங்க?

வந்து ஒரு மாசம் ஆச்சு. ரெண்டு ரூமும் மரத்தால கட்டினது, சுவரைத் தட்டினா வாசனை வருது. செங்கல் படுக்கை ஒண்ணு இருக்கு, அடியில அடுப்பை மூட்டிட்டா முதுகு வெந்துடும். சுவரோரம் உனக்கு, நடுவுல குழந்தை, வாசல் பக்கம் நான்னு இடம் பிரிச்சு வச்சிருக்கேன். தனியா படுக்கறப்பகூட வாசல் பக்கம்தான் படுக்கறேன்.

விறகு பிளந்து ஜன்னல் உயரத்துக்கு அடுக்கியாச்சு. பக்கத்து வீட்டம்மா, "மூணு பேருக்கு இது ரெண்டு குளிருக்கு வரும்"னாங்க. மூணு பேருன்னு சொன்னாங்க பாரு, அவங்களுக்கு ஒரு பை பைன் கொட்டை குடுத்தேன்.

சியாவ்மானுக்குப் பஞ்சு வச்ச செருப்பு வாங்கியிருக்கேன். அளவு தெரியலை. புத்தாண்டுக்கு அவ பாதம் என் கையில விரல் நுனி வரைக்கும் வந்துச்சு. கடைக்காரர்கிட்ட என் கையை நீட்டினேன். "எல்லாரும் காலைக் காட்டுவாங்க, நீங்க கையைக் காட்டறீங்களே"ன்னாரு. பெரிசா இருந்தா காகிதம் அடைச்சுக் குடு.

உன் கடிதம் சின்னதா இருந்துச்சு. மாச ஊரும் எழுதலை. தேவையில்லன்னு நான்தான் சொன்னேன், ஆனாலும் நீ எழுதுவேன்னு நினைச்சேன். என் பேச்சை என்னைக்கு நீ கேட்டிருக்கே? குளிருக்குப் பயந்து யோசிக்கிறியா? பயமா இருந்தா சொல்லு, திட்ட மாட்டேன்.

ருய்லின்


நான்சாங்
12 நவம்பர் 1983

ருய்லினுக்கு,

உடம்பு எப்படி? இங்க எல்லாரும் சௌக்கியம். செருப்பு வந்துச்சு, காகிதம் அடைச்சுக் குடுத்தேன். படுக்கறப்பகூட கழட்ட மாட்டேங்கறா.

குளிருக்கு நான் பயப்படலை. நிஜமா. வேலை சரியாகலை, அவ்வளவுதான். கொஞ்ச நாள் பொறு. இதுக்கு மேல கேக்காதே, ருய்லின். கேட்டா பதில் சொல்ல எனக்குத் தைரியம் இல்ல.

வாசல் பக்கம் படுக்காதே, காத்து அடிக்கும். நடுவுல படு.

யூன்


யீசுன்
15 டிசம்பர் 1983

யூனுக்கு,

நலமான்னு கேக்கறேன். நலம்னுதான் எழுதுவே, தெரியும்.

மூணு கடிதம் போட்டேன். ஒண்ணுக்குத்தான் பதில், அதுவும் ஏழு வரி. எண்ணிப் பார்த்தேன். பனியில வேலை நின்னு போச்சு, எண்ணறதுக்கு நிறைய நேரம் இருக்கு. பட்டறையில என்னைக் கிண்டல் பண்றாங்க. "தாவ், உன் பொண்டாட்டி நிஜமாவே இருக்காளா, இல்ல நீ சொல்ற கதையா?" முதல்ல நானும் சிரிச்சேன். இப்போ எழுந்து வெளிய போயிடறேன்.

பதில் சொல்லத் தைரியம் இல்லன்னு எழுதியிருக்கே. பாவ்தோவுல ரெண்டு பேருக்கு இதே வாக்கியம் வந்தது எனக்குத் தெரியும். ஒருத்தன் பொண்டாட்டி மறு கல்யாணம் பண்ணிக்கிட்டா. நான் அப்படி நினைக்கலை. நினைக்கக் கூடாதுன்னு விறகு பிளக்கப் போறேன். அடுக்க இடம் இல்ல, இருந்தாலும் பிளக்கறேன்.

நான்சாங்கை விட்டு வர உனக்கு மனசில்லன்னா ஒரே வரி எழுது. மூணாவது ஊர்னு நீதான் சொன்னே. கேள்வி கேக்க மாட்டேன்னும் நீதான் சொன்னே. ஊர் வேண்டாமா, இல்ல நான் வேண்டாமா, அதை மட்டும் சொல்லு. ரெண்டுல எதுவா இருந்தாலும் படுக்கையில உன் இடத்துல விறகை வைக்க மாட்டேன்.

ருய்லின்


27 டிசம்பர் 1983

அப்பாவுக்கு,

எப்படி இருக்கீங்க? நான் நல்லா இருக்கேன். இந்தக் கடிதம் அம்மாவுக்குத் தெரியாது. ஸ்டாம்ப் மட்டும் அம்மா டப்பாவுல எடுத்தேன். நானே தபால் பெட்டியில போடறேன், எட்டலைன்னா கல்லு மேல ஏறுவேன்.

செருப்பு சூப்பர். இங்க யார்கிட்டயும் இல்ல. புதுப் பள்ளிக்கூடத்துல என்னை "நான்சாங்காரி, நான்சாங்காரி"ன்னு கேலி பண்றாங்க. அம்மா கிளாஸ்லயே நான் இருக்கேன், அதனால அடிக்க முடியலை. வாசல்ல கற்பூர மரம் இருக்கு, நாலு பேர் கை கோத்தாத்தான் கட்டிப் பிடிக்கலாம். உங்க கடிதம் லுவோ தாத்தா வீட்டுக்குப் போய் அப்பறம்தான் இங்க வருது. ஏன்னு கேட்டா அம்மா அழறா.

அப்பா எப்போ யீசுன் வருவாருன்னு அம்மாகிட்ட கேட்டேன். அப்பா யீசுன்லதான் இருக்காருன்னு சொன்னா. அதனால நான் தேடினேன். பள்ளிக்கூடம் விட்டு தினமும் ஒரு தெரு. மார்க்கெட், ஆத்தங்கரை, பஸ் ஸ்டாண்டு, மெஷின் பட்டறை ரெண்டு, எல்லாம் தேடிட்டேன். கறுப்பா ஒருத்தர் இருந்தாரு, ஆனா அவரு வேற மாமா. இன்னும் வடக்குத் தெரு மட்டும்தான் பாக்கி, அங்க நாய் இருக்கு. நீங்க எந்தத் தெருவுல இருக்கீங்க?

உங்க கவர் பின்னாடி இருக்கற விலாசத்தைப் பார்த்துத்தான் எழுதறேன். யீசுன்னு எழுதறதுல நீங்க பிழை விட்டிருக்கீங்க. முதல் எழுத்து தப்பு. எங்க டீச்சர் பார்த்தா பத்து தரம் எழுதச் சொல்லுவாங்க, அம்மாதான் டீச்சர். ஆனா நானும் தப்பாவே எழுதியிருக்கேன், இல்லன்னா தபால்காரருக்குப் புரியாதுல்ல.

தாவ் சியாவ்மான்
இரண்டாம் வகுப்பு


யீசுன், ஜியாங்சி மாநிலம்
5 ஜனவரி 1984

ருய்லினுக்கு,

விலாசத்தை இன்னொரு தரம் படி. பொய்யான விலாசத்துலேர்ந்து நாலு மாசம் நலம் விசாரிச்சேன், இன்னைக்கு நிஜ விலாசத்துலேர்ந்து கேக்கறேன், நல்லா இருக்கியா?

ஆகஸ்ட்ல அனுப்பாம வச்ச கடிதத்தையும் இதோட வச்சிருக்கேன். அதை முதல்ல படி, அப்பறம் இதைப் படி. படிச்சுட்டுத் திட்டு, சத்தமாவே திட்டு.

ஏன் சொல்லலைன்னு கேப்பே. நீ அந்த ரூமைப் பத்தி எழுதினே, சுவரோரம் எனக்கு இடம்னு எழுதினே. அதைப் படிச்சுட்டு, "நான் அவசரக்குடுக்கை, தப்பான யீசுன்ல குடி வந்துட்டேன்"னு எப்படி எழுதுவேன்? தெரிஞ்சா நீ வேலையைத் தூக்கிப் போட்டுட்டு ஓடி வந்துடுவேன்னும் பயம். ஒரு டெர்ம்ல சத்தமில்லாம சரி பண்ணிட்டு, வடக்கே உன் வாசல்ல வந்து நிக்கலாம்னு இருந்தேன். லுவோ மாமாவுக்குக் கடிதத்தை அனுப்பினேன், அவர் நான்சாங் முத்திரையோட உனக்குப் போட்டாரு. ஒவ்வொண்ணுக்கும் கூடவே எனக்கு ஒரு மன்னிப்புச் சீட்டு வேற எழுதுவாரு, பாவம்.

நீ வேண்டாமா, ஊர் வேண்டாமான்னு கேட்டிருந்தே. அந்த வரியைப் படிச்ச அன்னைக்கு என்னால எதுவும் சாப்பிட முடியலை. நீதான் வேணும். நீ மட்டும்தான் வேணும், முட்டாள்.

இப்போ கவனமாக் கேளு. நவம்பர்ல மார்க்கெட் சுவர்ல நோட்டீஸ் ஒட்டினேன். "இருப்பது யீசுன். போக விரும்புவது யீசுன்." ஊரே வந்து படிச்சுட்டு, டீச்சருக்குக் கிறுக்குப் பிடிச்சிருக்குன்னு போச்சு. போன ஞாயித்துக்கிழமை ஒருத்தர் கதவைத் தட்டினாரு. தலையில ரோமத் தொப்பி, நம்ம ஊர்ல யாரும் போடாதது. குவான் தெஹாய்னு பேரு, உங்க ஊர்க்காரர். ராணுவத்துலேர்ந்து வந்து இங்க டிராக்டர் பட்டறையில ஃபிட்டர். பொண்டாட்டி அங்கயே இருக்கா.

"தங்கச்சி, நீங்க அந்த யீசுன்லேர்ந்து இங்க வரணும்னு எழுதியிருக்கீங்க, இல்ல?"ன்னாரு.

"இல்லண்ணே. நான் இங்க இருக்கேன், அங்க போகணும்."

"நானும் இங்கதான் இருக்கேன், நானும் அங்கதான் போகணும்!"

அவர் தொப்பியைக் கழட்டி மடியில வச்சுக்கிட்டாரு. டீ கூட ஆறிப் போச்சு. திடீர்னு, "ஏன் தங்கச்சி, அங்க யாரு இருக்கா?"ன்னாரு. என் புருஷன்னேன். "அவருக்கு என்ன கைத்தொழில்?" மெஷின் ரிப்பேர்னேன். மனுஷன் துள்ளி எழுந்ததுல டீ பூரா தரையில!

அவர் தயார், அவங்க பட்டறையும் தயார். நீ சரின்னு சொல்லணும். ஆனா எனக்கு ஒரு பயம். நானும் வடக்கே வர விண்ணப்பம் போட்டு வச்சிருக்கேன். இருபதாம் தேதி முடிவு சொல்லுவாங்க. குடுத்தாலும் குடுத்துடுவாங்க. நீ இங்க வர, நான் அங்க போக, மறுபடி ரயில் ரெண்டும் வழியில ஒண்ணை ஒண்ணு தாண்டிப் போச்சுன்னா நான் செத்தே போயிடுவேன். ரெண்டு பேர்ல ஒருத்தர் நிக்கணும். யாருன்னு நீ சொல்லு.

யூன்


தந்தி
அனுப்பிய இடம்: யீசுன், ஹெய்லோங்ஜியாங் மாநிலம்
12 ஜனவரி 1984

ஜியாங்சி மாநிலம் வசந்தத்துக்குப் பொருத்தமான யீசுன் ஷென் பெய்யூன் டீச்சருக்கு. நீ நில். விண்ணப்பத்தை வாபஸ் வாங்கு. குவானுக்குச் சரி சொல். அசையாதே. நான் வர்றேன். அசையாதே. ருய்லின்.


யீசுன், ஹெய்லோங்ஜியாங்
12 ஜனவரி 1984

யூனுக்கு,

தந்தி கிடைச்சிருக்கும். தபாலாபீஸ்காரர், "அசையாதேன்னு ரெண்டு தரம் வருது, ஒண்ணை அடிச்சுடவா?"ன்னாரு. ஒரு எழுத்தைக் கூட தொடக்கூடாதுன்னேன்.

பனியில ரயில் நின்னு, எட்டு நாள் தபால் ஒரே பையில வந்துச்சு. உன் கவருக்கு மேல கோணல் எழுத்துல இன்னொரு கவர். அதைத்தான் முதல்ல பிரிச்சேன். அவ தபால் முத்திரையைப் பார்த்தேன், எழுத்துப்பிழையைப் பத்தி எழுதினதைப் படிச்சேன். உன் கடிதத்தைத் திறக்கறதுக்கு முன்னாடியே எனக்கு எல்லாம் விளங்கிடுச்சு. திட்டணும்னுதான் வாயைத் திறந்தேன். பட்டறை நடுவுல உட்கார்ந்து அழுதேன். இனிமே நீ கதைன்னு யாரும் சொல்ல மாட்டாங்க.

என் வருஷ லீவு முப்பது நாளையும் இப்பவே எடுத்துட்டேன். அடுத்த மாசம் வர்ற புத்தாண்டுக்கு முன்னாடி வந்துடுவேன். குவானும் நானும் மாத்திக்கற தாள் மார்ச்சுக்குள்ள வந்துடும்ங்கறாங்க. அதுவரைக்கும் விறகு பூரா அவர் பொண்டாட்டிக்கு. ரெண்டு குளிருக்கு வரும்.

இந்த மாச ஊர் யீசுன். ஒருதரம் சொன்ன ஊரை மறுபடி சொல்லக்கூடாதுன்னு சண்டைக்கு வராதே. இது வேற எழுத்து.

கீழே இருக்கறதைக் கிழிச்சுக் குழந்தைகிட்ட குடு.

ருய்லின்


சியாவ்மானுக்கு,

உன் கடிதம் வந்துச்சு. நீ சொன்னது சரி, முதல் எழுத்தை அப்பா தப்பா எழுதிட்டேன். பத்து தரம் திருத்தி எழுதிக் கொண்டு வர்றேன், டீச்சர்கிட்ட சொல்லிடு.

வடக்குத் தெருவுக்குப் போகாதே, நாய் கடிக்கும். நீ தேடினது சரியான ஊர்தான்மா. அப்பாதான் தப்பான ஊர்ல நின்னுக்கிட்டிருந்தேன். இனிமே நீ தேட வேண்டாம். அந்தச் செருப்பைப் போட்டுக்கிட்டு ஸ்டேஷனுக்கு வா, அதை வச்சு நான் உன்னைக் கண்டுபிடிச்சுடுவேன். கறுப்பா, போட்டோ மாதிரி இல்லாம ஒருத்தர் இறங்குவாரு. மாமான்னு கூப்பிட்டாலும் பரவாயில்ல, நான் திரும்பிப் பார்ப்பேன்.

அப்பா